மூலையில் ஒளிரும் கறுப்பு: மானிட்டரின் கோளாறா, பேனலின் குணமா?

இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு ஏதாவது இருட்டுக் காட்சி பார்க்கும்போதுதான் இது பலருக்கும் முதலில் கண்ணில் படும். கறுப்பாக இருக்க வேண்டிய மூலை மங்கலாக மஞ்சளிலோ வெளிர் நீலத்திலோ ஒளிர்கிறது. மானிட்டர் வாங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. மனசு கேட்காமல் ஒரு போட்டோ எடுத்துத் தெரிந்த நாலு பேருக்கு அனுப்புகிறோம். நாலு பேரும் நாலு பெயர் சொல்கிறார்கள்.

பெயர் எதுவானாலும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்றுதான். இது அந்தப் பேனல் (படம் காட்டும் திரைத்தகடு) வகைக்கே உள்ள குணமா, உங்கள் கைக்கு வந்த அந்த ஒரு மானிட்டரின் கோளாறா? கோளாறு என்றால் மாற்றினால் தீரும். குணம் என்றால் எத்தனை முறை மாற்றினாலும் அதேதான் வரும். அதற்கு உட்காரும் இடத்தையோ, வெளிச்ச அளவையோ, பேனல் வகையையோதான் மாற்ற வேண்டும். இதைப் பிரிக்கத் தெரியாமல் நல்ல மானிட்டரைத் திருப்பி அனுப்பியவர்களையும் பார்த்திருக்கிறேன், பழுதானதைச் சகித்துக்கொண்டு வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே வருத்தம்தான்.

சோதனைக்கு முன்

மானிட்டரை அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். குளிர்ந்த நிலையில் பேனல் சட்டத்துக்குள் சற்று இறுகி இருக்கலாம். சூடேறிய பிறகு சில ஒளிக்கறைகள் தாமாகவே குறையும். பிரைட்னஸை நீங்கள் தினமும் வைக்கும் அளவிலேயே வையுங்கள். நூறு சதவீதத்தில் வைத்துப் பார்த்தால் எந்த எல்சிடியும் மோசமாகத்தான் தெரியும். முழுக்கறுப்புப் படம் ஒன்றைத் திரை முழுக்கப் போட்டு, வழக்கமான நாற்காலியில், வழக்கமான தூரத்தில் உட்காருங்கள்.

போன் கேமராவை நம்பாதீர்கள். இருட்டைக் கண்டதும் அது எக்ஸ்போஷரைத் தானாகவே ஏற்றிவிடும். கண்ணுக்கு லேசான மூட்டமாகத் தெரிவது போட்டோவில் தீப்பிடித்த மாதிரி வரும். ஒப்பிட்டுக் காட்டத்தான் வேண்டும் என்றால் எக்ஸ்போஷரைக் கையால் பூட்டி, கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இறக்கிவிட்டு எடுங்கள்.

மூலைகளில் வெளிச்சம், தலையை அசைத்தால் அதுவும் நகர்கிறது

ஒரு தம்பி ஒருநாள் ராத்திரி போன் செய்தான். "அண்ணா, புதுசு வாங்கி ரெண்டு நாள்தான் ஆச்சு. மூலையெல்லாம் மஞ்சளா ஒழுகுது. ஒரு தடவை மாத்தியும் வாங்கிட்டேன், இதுவும் அப்படியேதான் இருக்கு." போட்டோ அனுப்பட்டுமா என்று கேட்டான். "போட்டோ வேண்டாம்பா, நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்து நின்னு பாரு" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "மேல் மூலை ரெண்டும் அணைஞ்சிடுச்சுண்ணா. கீழ் மூலை ரெண்டும் இன்னும் கூடிடுச்சு" என்றான். அப்படியே இரண்டு மீட்டர் பின்னால் போகச் சொன்னேன். நாலு மூலையும் கறுப்பாகிவிட்டன.

பார்ப்பவர் நகர்ந்தால் வெளிச்சமும் நகர்கிறது, தள்ளிப் போனால் மறைகிறது என்றால் அது ஐபிஎஸ் ஒளிர்வு, அதாவது ஐபிஎஸ் என்ற பேனல் வகைக்கே உரிய குணம். அந்த மானிட்டரில் பழுது இல்லை. இரண்டாவதாக வந்ததும் ஐபிஎஸ் என்பதால்தான் அதுவும் அப்படியே இருந்தது.

இது ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் தீர்வும் தெரிந்துவிடும். எல்சிடி பேனலின் முன்னும் பின்னும் ஒவ்வொரு போலரைசர் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) இருக்கிறது. ஒன்றுக்கொன்று 90 டிகிரி குறுக்காக. பின்னால் பேக்லைட் என்ற விளக்கு எந்நேரமும் எரிந்துகொண்டுதான் இருக்கும். ஐபிஎஸ் பேனலில் திரவப் படிகங்கள் கண்ணாடிக்கு இணையாகப் படுத்திருக்கும். கறுப்பு காட்டும்போது ஒளியைத் திருப்பாமல் விட்டுவிடும், முன் போலரைசர் அதைத் தடுத்துவிடும். ஆனால் நேராகப் பார்க்கும்போதுதான் இந்தக் குறுக்குப் பூட்டு முழுசாக வேலை செய்யும். மூலைவிட்டத் திசையில் சாய்ந்து பார்த்தால் இரண்டு போலரைசர்களின் அச்சுகளும் கண்ணுக்கு 90 டிகிரியில் அமைவதில்லை. அந்தச் சின்ன இடைவெளியில் ஒளி நழுவி வருகிறது. போலரைஸ்டு கூலிங்கிளாஸ் இரண்டு இருந்தால் ஒன்றின்மேல் ஒன்றைக் குறுக்காகப் பிடித்து விளக்கைப் பாருங்கள். நேராகப் பார்த்தால் இருட்டு. மூலைவாக்கில் சாய்த்தால் மெல்ல வெளிச்சம் தெரியத் தொடங்கும். உங்கள் மானிட்டரின் மூலையில் நடப்பதும் இதுவே.

எனவே எல்லாம் கோணக் கணக்குதான். 27 அங்குலத் திரையின் நடுவிலிருந்து மூலைக்கு 34 செ.மீ.யை ஒட்டிய தூரம். 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் அந்த மூலையைக் கிட்டத்தட்ட 30 டிகிரி சாய்வில் பார்க்கிறீர்கள். நாற்காலியை 80 செ.மீ.க்குத் தள்ளினால் 23 டிகிரி. அதே 60 செ.மீ. தூரத்தில் 24 அங்குலத்துக்கு 27 டிகிரி, 32 அங்குலத்துக்கு 34 டிகிரி. பெரிய ஐபிஎஸ் திரையை வாங்கி, ஆழம் குறைந்த மேசையில் மூக்குக்கு முன்னால் வைத்தால் ஒளிர்வு கூடத்தான் செய்யும். மேசையில் பொருத்தும் மானிட்டர் ஆர்ம் ஒன்றில் மாட்டிச் சுவரோரமாகத் தள்ளுவதுதான் நான் முதலில் சொல்லும் வைத்தியம். 15, 20 செ.மீ. கிடைத்தாலே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது பிரைட்னஸ். ஐபிஎஸ்ஸின் வழக்கமான கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம், 1000:1 சுற்றுவட்டாரம். வெள்ளை 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) என்றால் கறுப்பு 0.3 நிட்ஸ். வெள்ளையை 120 நிட்ஸுக்கு இறக்கினால் கறுப்பு 0.12. ஒளிர்வும் அதே விகிதத்தில் இறங்கும். பல மானிட்டர்கள் பெட்டியிலிருந்து வரும்போதே கண்ணைக் கூசும் அளவில்தான் வருகின்றன. இரவு அறைக்கு 100 முதல் 120 நிட்ஸ் தாராளம்.

மூன்றாவது, திரைக்குப் பின்னால் சுவரில் படும்படி ஒரு மெல்லிய வெள்ளை விளக்கு, 6500 கெல்வின் நிறத்தில். கும்மிருட்டில் விழிப்பாவை அகலத் திறந்திருப்பதால்தான் சாம்பல் நிறம்கூட வெளிச்சமாகத் தெரிகிறது. பின்னால் கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் பாவை சுருங்கி, அதே சாம்பலைக் கண் கறுப்பாக எடுத்துக்கொள்ளும். செலவு குறைவு, பலன் அதிகம்.

மூன்றையும் செய்து பார்த்தும் இரவுப் படங்களில் மூலை உறுத்துகிறது என்றால், இன்னொரு ஐபிஎஸ் வாங்கித் தீராது. விஏ அல்லது ஓஎல்இடி என்ற வேறு பேனல் வகைக்குத்தான் போக வேண்டும்.

ஓரத்தில் வெளிச்சம், எங்கிருந்து பார்த்தாலும் அதே இடத்தில்

எழுந்து நின்றாலும், தள்ளிப் போனாலும், பக்கவாட்டில் நகர்ந்தாலும் அதே ஓரத்தில், அதே உருவத்தில், டார்ச் அடித்த மாதிரி நிற்கிறதா? இது பேக்லைட் கசிவு. சட்டம் ஓரிடத்தில் பேனலை அழுத்துவதாலோ, ஓரத்தில் அடுக்குகள் சரியாகப் பொருந்தாததாலோ, வழியில் பட்ட அடியாலோ வருவது. ஒரே மாடலில் ஒன்றில் இருக்கும், பக்கத்துப் பெட்டியில் உள்ளதில் இருக்காது. ஆகவே மாற்றிக் கேட்பதில் அர்த்தம் உண்டு.

எல்சிடியில் எந்த வகையிலும் இது வரலாம். விஏ வாங்கினால் கசிவே இருக்காது என்று நினைக்க வேண்டாம். வளைந்த விஏ திரைகளில் பேனலை வளைத்துப் பொருத்துவதாலேயே ஓரங்களில் அழுத்தம் ஏறி, கசிவு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு கசிவு என்றால் மாற்றுவது? என் அளவுகோல் இது: உங்கள் வழக்கமான பிரைட்னஸில், மெல்லிய விளக்கு எரியும் அறையில், நீங்கள் நிஜமாகப் பார்க்கும் படத்தையோ விளையாட்டையோ ஓட விடுங்கள். பத்து நிமிடத்தில் கண் தானாக அந்த ஓரத்துக்குப் போகிறது என்றால் மாற்றிவிடுங்கள். முழுக்கறுப்புப் படத்தில், விளக்கணைத்து, தேடினால்தான் தெரிகிறது என்றால் விட்டுவிடுங்கள். மாற்றி வருவது இதைவிட மோசமாகவும் இருக்கலாம், அதில் ஒரு டெட் பிக்சலும் (எரியாத புள்ளி) சேர்ந்து வரலாம்.

சட்டத்தின் திருகைத் தளர்த்துவது, கசியும் இடத்தைத் துணியால் அழுத்தித் தேய்ப்பது என்று இரண்டு வைத்தியங்கள் சொல்வார்கள். திருகைத் தொட்டால் வாரண்டி போய்விடக்கூடும். தேய்த்தால் அழுத்தம் பட்ட இடத்தில் நிரந்தரமாக ஒரு வெள்ளைத் திட்டு விழலாம். இரண்டையும் செய்யாதீர்கள் என்றுதான் கேட்டுக்கொள்வேன்.

நடுவில் மேகம் போலத் திட்டுத் திட்டாக

இதுவும் கசிவின் உறவுதான். பேக்லைட்டின் ஒளியைப் பரப்பும் தாள்கள் சீராக அமையாவிட்டாலோ பேனலின்மேல் அழுத்தம் ஏறினாலோ இப்படித் தெரியும். இடம் மாறாது, தானாகச் சரியாகவும் செய்யாது. மாற்றிக் கேளுங்கள்.

மூலை மட்டுமல்ல, கறுப்பு முழுவதுமே சாம்பலாக

இங்கேதான் பேனல்மேல் அநியாயமாகப் பழி விழுகிறது. பாதி நேரம் கோளாறு செட்டிங்ஸில்தான்.

எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்திருந்தால் கிராஃபிக்ஸ் கார்டு சில சமயம் மானிட்டரைத் தொலைக்காட்சி என்று நினைத்துக்கொண்டு 16 முதல் 235 வரையுள்ள குறுகிய வீச்சில் நிறத்தை அனுப்பும். மானிட்டரோ 0 முதல் 255 வரை எதிர்பார்க்கும். கறுப்புக்கு 0 வர வேண்டிய இடத்தில் 16 வருகிறது. எல்லாமே பால் ஊற்றியது போல வெளுத்துத் தெரியும். கிராஃபிக்ஸ் கார்டின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் ஆர்ஜிபி ஃபுல் என்று மாற்றுங்கள், மானிட்டர் மெனுவிலும் அதற்கு ஈடாக வையுங்கள். இதன் மறுபக்கமும் உண்டு: கார்டு முழு வீச்சில் அனுப்பி மானிட்டர் குறுகிய வீச்சை எதிர்பார்த்தால், நிழலில் உள்ள விவரமெல்லாம் கறுப்பில் முழுகிவிடும்.

பிறகு மெனுவில் பிளாக் ஈக்வலைசர், பிளாக் ஸ்டெபிலைசர் போன்ற பெயரில் ஏதாவது ஏற்றி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். விளையாட்டில் இருட்டில் ஒளிந்திருப்பவனைக் காட்ட வைத்த வசதி அது. கறுப்பை வேண்டுமென்றே தூக்கிவிடும்.

விண்டோஸில் எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வீச்சைக் கூட்டிக் காட்டும் வசதி) ஆனில் இருக்கிறதா? பகுதி பகுதியாக ஒளி மங்கும் வசதி இல்லாத மானிட்டரில் எச்டிஆர் போட்டால் பேக்லைட் உச்சத்துக்குப் போய் நின்றுவிடும். கறுப்பும் சேர்ந்து மேலே ஏறும். விண்டோஸ், ஆல்ட், பி (B) மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் எச்டிஆர் ஆன் ஆஃப் ஆகும். மாற்றி மாற்றிப் பாருங்கள்.

ஓஎல்இடியில் ஒரு வகையான க்யூடி-ஓஎல்இடி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். பகலில் திரை லேசான ஊதாச் சாம்பலாகத் தெரிகிறது, விளக்கை அணைத்தால் மை போலக் கறுத்துவிடுகிறது என்றால் கவலை வேண்டாம். அந்தப் பேனல்களின் முன்பக்கம் போலரைசர் கிடையாது. அறை வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வருகிறது. ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

இருட்டுக் காட்சியில் விவரம் மறைகிறது. கறுப்பு நகரும்போது பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறது

இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் உங்களிடம் இருப்பது பெரும்பாலும் விஏ. இதில் திரவப் படிகங்கள் மின்னழுத்தம் இல்லாதபோது கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கும். அதனால் ஒளியை இறுக்கி அடைத்துவிடும். கான்ட்ராஸ்ட் 3000:1 சாதாரணமாகக் கிடைக்கும். 120 நிட்ஸ் வெள்ளைக்குக் கறுப்பு 0.04தான். ஐபிஎஸ்ஸோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உறைக்கும்.

அதற்கான விலை வேறிடத்தில். முழுக்கறுப்பில் நிற்கும் படிகத்தைச் சற்றே அசைத்து அடர்சாம்பலுக்குக் கொண்டுவர நேரம் பிடிக்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு ஃபிரேமுக்கு 6.9 மில்லிசெகண்டுதான். இருட்டு நிறங்களுக்கு இடையே மாறுவதற்கு அதைப்போலச் சில மடங்கு ஆகிவிட்டால், போன ஃபிரேமின் கறுப்பு அடுத்ததிலும் ஒட்டிக்கொண்டு வரும். சோதித்துப் பார்க்க, கறுப்புப் பின்னணியில் அடர்சாம்பல் எழுத்துள்ள பக்கத்தை வேகமாக உருட்டுங்கள். எழுத்துக்குப் பின்னால் மை தடவியது போல நிழல் போகும்.

மெனுவில் ஓவர்டிரைவை (படிகங்களை வேகமாக மாற வைக்கும் வசதி) ஒரு படி ஏற்றலாம். உச்சத்தில் வைத்தால் நிழலுக்குப் பதில் பொருள்களைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு வெள்ளை ஓரம் வரும். அது இன்னும் எரிச்சல். நடுப்படியே பெரும்பாலும் சரி. முழுக்கறுப்பைத் தவிர்க்க அடர்சாம்பல் தீமுக்கு மாறினாலும் குறையும்.

விவரம் மறைவதற்குக் காரணம் கோணம். விஏயில் நேர் எதிரே பார்க்கும் இடத்தில் அடர்ந்த நிழல்கள் கறுப்பில் கரைந்துவிடும். கொஞ்சம் தலையைச் சாய்த்தால் அதே விவரம் வெளியே வரும். திரையின் ஓரங்களை எப்போதுமே சாய்வாகத்தான் பார்க்கிறோம் என்பதால் ஒரே நிறம் நடுவில் ஒரு மாதிரி, ஓரத்தில் வெளுத்து ஒரு மாதிரி தெரியும். விஏ பேனல்களை வளைத்துச் செய்வதில் இதற்குப் பயன் உண்டு. 1000ஆர் என்றால் 1000 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வளைவு. ஓரங்கள் கண்ணை நோக்கித் திரும்பி நிற்கும். படத்துக்கும் விளையாட்டுக்கும் நான் தயங்காமல் விஏ சொல்வேன். போட்டோவில் நிறம் திருத்தும் வேலைக்குச் சொல்ல மாட்டேன்.

மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம்

இது டிஎன் என்ற பேனல் வகை. 1970இல் ஷாட், ஹெல்ஃப்ரிக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த முறையின் வழி வந்தது, இங்கே சொன்ன எல்சிடி பேனல் வகைகளிலேயே மூத்தது. கீழேயிருந்து பார்த்தால் படம் இருண்டு, நெகட்டிவ் போலவே புரண்டுவிடும். திரையின் உயரத்தையும் சாய்வையும் கண்ணுக்கு நேராக வைப்பது தவிர வேறு வழியில்லை.

இருட்டில் எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம்

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தோ மவுஸ் குறியோ நகரும்போது கூடவே ஒரு மூட்டம் நகர்கிறது என்றால், மினி எல்இடி அல்லது பகுதி பகுதியாக மங்கும் பேக்லைட். ஒரு பகுதிக்குள் பல்லாயிரம் பிக்சல்கள் இருக்கும். ஒரு பிக்சலுக்காக அந்தப் பகுதி முழுவதும் எரிய வேண்டியிருக்கிறது. எழுத்து வேலைக்கு இப்படிப் பகுதியாக மங்கும் லோக்கல் டிம்மிங் வசதியை அணைத்துவிடுங்கள், படம் பார்க்கும்போது போடுங்கள்.

எழுத்தின் ஓரத்தில் நிறம் ஒட்டியிருக்கிறது. அசையாத பட்டையின் தழும்பு தெரிகிறது

இரண்டும் ஓஎல்இடிக்கு உரியவை. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வதால் மூலை ஒளிர்வும் இல்லை, பேக்லைட் கசிவும் இல்லை. இருட்டுக்கு இதைவிட நல்லது கிடையாது. ஆனால் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் உள்ள துணைப்பிக்சல்கள் வழக்கமான சிவப்பு, பச்சை, நீல வரிசையில் இல்லாத பேனல்களில் எழுத்து ஓரங்களில் நிறக்கோடு தெரியும். விண்டோஸில் எழுத்தைத் தெளிவாக்கும் கிளியர்டைப் வசதியை மறுபடி சரிசெய்தால் கொஞ்சம் தணியும். நாள் முழுக்கச் சின்ன எழுத்தோடு வேலை செய்பவர்கள் வாங்கும்முன் நேரில் பார்த்துவிடுவது நல்லது.

தழும்பு வராமலிருக்க, டாஸ்க்பாரை மறைத்து வையுங்கள், பிரைட்னஸை இறக்குங்கள். மானிட்டர் அணைந்திருக்கும்போது பேனலைப் புதுப்பிக்கும் வேலையைத் தானே செய்துகொள்ளும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் அதற்கு வாய்ப்பே இருக்காது; ஸ்டாண்ட்பையில் விடுங்கள்.

கண் எரிகிறது, தலை வலிக்கிறது

பிரைட்னஸைக் குறைக்கும்போதுதான் வலி கூடுகிறது என்றால் பேக்லைட் மினுக்கத்தைச் சந்தேகப்படுங்கள். சில மானிட்டர்கள், முக்கியமாகப் பழையவை, ஒளியைக் குறைப்பதற்குப் பேக்லைட்டை வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைத்து அணைத்து எரிய விடும். கண்ணுக்கு நேரடியாகத் தெரியாது.

பிரைட்னஸை 20 சதவீதத்துக்கு இறக்கி, திரை முழுக்க வெள்ளையைப் போட்டு, இருட்டறையில் அதன் முன்னே ஒரு பென்சிலை விசிறி போல வேகமாக ஆட்டுங்கள். பென்சில் ஒரே புகைமூட்டமாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பென்சில்களாக, விசிறிக் காம்புகள் போல விரிந்து தெரிந்தால் மினுக்கம் இருக்கிறது. அப்படியென்றால் மானிட்டர் பிரைட்னஸை உயர்த்தியே வைத்து, அறை விளக்கைக் கூட்டுங்கள். அடுத்தது வாங்கும்போது மினுக்கமில்லாத பேக்லைட் என்று குறிப்பிட்டிருப்பதைப் பாருங்கள்.

விளையாட்டின் இருட்டுக் காட்சியில் மட்டும், ஃபிரேம் எண்ணிக்கை ஏறி இறங்கும்போது மட்டும் திரை துடிக்கிறதா? அது வேறு. ஃபிரேம் எண்ணிக்கைக்கு ஏற்பத் திரையின் புதுப்பிப்பு வேகமும் மாறுவதால் வருவது. விஏயிலும் ஓஎல்இடியிலும் அதிகம் பார்க்கலாம். அப்படி மாற்றும் அடாப்டிவ் சிங்க் வசதியை அணைத்தால் நின்றுவிடும்.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால்

திரையில் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைவிட, எந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்க்கப் போகிறீர்கள் என்பதை முதலில் யோசியுங்கள். பகல் வெளிச்சமோ நல்ல விளக்கோ உள்ள அறையில் எழுத்து, வரைபடம், போட்டோ வேலை என்றால் ஐபிஎஸ் எடுங்கள். அங்கே ஒளிர்வு உங்கள் கண்ணுக்கே தெரியாது. விளக்கணைத்துப் படம் பார்ப்பவருக்கு ஐபிஎஸ்ஸின் சாதாரணக் கறுப்பு கடைசிவரை உறுத்திக்கொண்டே இருக்கும். விஏ போதும், கைக்கு எட்டினால் ஓஎல்இடி. 2000:1 கான்ட்ராஸ்ட் தரும் ஐபிஎஸ் பிளாக் பேனல்களும் 2022 முதல் வந்திருக்கின்றன. இரண்டு வேலையும் ஒரே மேசையில் செய்பவர்கள் அவற்றைப் பார்க்கலாம். கறுப்பு ஆழமாக இருக்கும், மூலை ஒளிர்வு அடியோடு போய்விடாது. பெட்டியில் 178 டிகிரி பார்வைக்கோணம் என்று ஐபிஎஸ்ஸிலும் போட்டிருக்கும், விஏயிலும் போட்டிருக்கும். அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மானிட்டர் வந்த அன்று இரவே கறுப்புப் படத்தைப் போட்டு, உட்கார்ந்து, எழுந்து நின்று, இரண்டு மீட்டர் பின்னால் போய்ப் பார்த்துவிடுங்கள். திருப்பித் தரும் நாள் கணக்கு முடியும்வரை பெட்டியையும் உள்ளே வைத்திருந்த தெர்மகோலையும் தூக்கிப் போடாதீர்கள்.